வாசித்து ஒப்பிடப்பட்டது

ஜனவரி 9

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் பெண்ணும் காய்ச்சல் தலைவலி என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆபீஸ் நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? போன் பண்ணலாம் என்றால் நீ ‘ம்’, ‘சரி’ இரண்டைத் தவிர வேறு பேசுவதில்லை. கடிதத்தில்தான் உன் வாய் திறக்கிறது.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே வீட்டில் தூங்கி எழுகிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உன் மருமகள் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து நான் இருக்கிறேனா என்று உறுதி செய்துகொண்டுதான் செருப்பைக் கழற்றுகிறாள். பதினோரு வயதுப் பெண் இதைச் செய்யக்கூடாது. ஆனால் இந்த ஊருக்கு எனக்குக் கிடைத்த மாற்றல் ஆறு மாதத்துக்குத்தான். ரத்த வங்கிப் பொறுப்பாளர் வேலைக்கு நான் லாயக்கு என்று பெரிய டாக்டர் ஜூனில் எழுதிக் கொடுத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பழைய ஊருக்கே போக வேண்டியதுதான்.

வேலை எனக்குப் புதிதில்லை. ஒரு ரத்தப் பை எங்கள் ஜன்னலைத் தாண்டி வார்டுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று வாசிக்க வேண்டும். ஒருத்தர் பையின் மேல் ஒட்டியிருக்கும் எண், ரத்த வகை, நோயாளியின் பெயர் எல்லாவற்றையும் சத்தமாகப் படிப்பார். இன்னொருத்தர் வார்டிலிருந்து வந்த சீட்டில் இருப்பதைச் சத்தமாகப் படிப்பார். பிறகு பையும் சீட்டும் கை மாறும், மறுபடி வாசிப்பு. எல்லாம் ஒத்துப்போனால் பதிவேட்டில் ‘வாசித்து ஒப்பிடப்பட்டது’ என்று அச்சடித்த கட்டத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்.

காலை வேளையில் எனக்கு எதிரே நிற்பவர் இங்கே பத்தொன்பது வருஷமாக இருக்கும் ஓர் அம்மாள். எல்லாரும் அவருக்கு வைத்திருக்கும் பெயர் கடிகாரம். எட்டு மணிக்கு வேலை என்றால் ஏழு ஐம்பத்தைந்துக்கே வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்பார். பொறுப்பாளர் பதவி தனக்கு வரும் என்று இருந்தவர் தலையில் நான் வந்து இறங்கியிருக்கிறேன். அந்தக் கோபத்தை என் மேல் காட்டுகிறார். நேற்று ஜன்னலில் நான்கு நர்சுகள் நிற்கும்போது சொன்னார்: “இன்னும் சத்தமா படிங்க. உங்களுக்கு நீங்களே படிச்சுக்கறதுக்கு நான் எதுக்கு இங்க நிக்கறேன்?” நர்சுகள் சிரித்தார்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நீ ஒரு பிரிவையே கட்டி மேய்ப்பவன். இப்படிப்பட்டவர்களை எப்படிச் சமாளிக்கிறாய் என்று எழுது.

உன் மனைவியை நான் விசாரித்ததாகச் சொல்.

அக்கா

---

ஜனவரி 20

அக்காவுக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது, நாற்காலியும் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி இங்கே எல்லாரும் சுகம். மருமகளுக்கு என் முத்தம்.

நீ எனக்கு ஏழு வயது மூத்தவள்தான். ஆனால் ஆபீஸ் அரசியலில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். நான் சொல்வதைக் கேள். அந்தக் கடிகாரத்திடம் வாயைக் கொடுக்காதே. சண்டைக்கும் போகாதே, குழையவும் செய்யாதே. வேலைக்கு வேண்டியது எதுவானாலும் ஒரு துண்டுச் சீட்டில் தேதி போட்டு எழுதி, மேஜையில் வை. நகல் உன்னிடம் இருக்கட்டும். நாளைக்கு ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று யாரும் பல்டி அடிக்க முடியாது. பேச்சில்தான் குத்தல் வரும், முகம் சுளிக்கும், குரல் உயரும். சீட்டுக்குக் குரல் கிடையாது.

குடிநீர் இணைப்பு விண்ணப்பப் பிரிவு என்றால் எப்படிப்பட்ட சந்தைக்கடை என்று உனக்குத் தெரியும். நான் மேற்பார்வையாளர் ஆன நாளிலிருந்து மூன்று வருஷமாக அங்கே ஒரு வாய்ச்சண்டை நடந்ததில்லை. சீட்டுதான் காரணம். நீயும் செய்து பார்.

உன் தம்பி

---

பிப்ரவரி 16

அன்புள்ள சின்னவனுக்கு,

உடம்பு பரவாயில்லை. உன் அத்தானுக்குத்தான் இரண்டு நாள் இருமல், இப்போது தேவலை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உன் மருந்து வேலை செய்கிறது. முதலில் நல்லவிதமாகப் போகலாம் என்றுதான் பார்த்தேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டு இரண்டு நாள் பத்து நிமிஷம் தாமதமாக வந்தேன். இரண்டையும் பெரிய டாக்டரிடம் போட்டுக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே வாயை மூடினேன். ‘இரண்டாம் ஃபிரிட்ஜில் குளிர் குறைகிறது, பார்க்கவும்’ என்று முதல் சீட்டை எழுதி அவர் மேஜையில் வைத்தேன். அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “நாலடி தூரத்துல இருக்கேன். வாயால சொல்லக்கூடாதா?” என்றார். நான் பிடி கொடுக்காமல் திரும்பிக்கொண்டேன். மறுநாள் என் மேஜையில் அவருடைய சீட்டு இருந்தது: ‘பார்த்தேன். சரி செய்யப்பட்டது.’ கையெழுத்து மட்டும் என்ன அழகு என்கிறாய்.

இப்போது எங்கள் அறையில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம்தான். ஜன்னலில் வாசிக்கும்போதும் அப்படித்தான். முதலில் முணுமுணுத்தோம், பிறகு உதடு மட்டும் அசைந்தது, இப்போது அதுவும் இல்லை. அவர் பையைப் பார்க்கிறார், நான் சீட்டைப் பார்க்கிறேன், மாற்றிக்கொள்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம். வேலையும் சீக்கிரம் முடிகிறது. நிம்மதியாக இருக்கிறேன், எல்லாம் உன் புண்ணியம்.

அக்கா

---

மார்ச் 3

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். சொன்னேன் அல்லவா?

எனக்கு வேறு அறை கொடுத்திருக்கிறார்கள். பழைய கோப்புகள் இருக்கும் அறை, ஒரு ஜன்னல் உண்டு. கூச்சல் இல்லை. வேலையும் அவ்வளவாக இல்லை. முதுகுக்கு நல்லது.

மருமகள் கணக்கில் எப்படி என்று எழுது.

தம்பி

---

ஏப்ரல் 6

சின்னவனுக்கு,

உன் உடம்பை விசாரிக்கக்கூட இன்றைக்கு எனக்கு நிதானம் இல்லை, மன்னித்துக்கொள்.

போன வியாழக்கிழமை காலை பிரசவ வார்டிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு சீட்டு வந்தது. இரண்டு பெண்களுக்கு, ஆளுக்கு ஒரு பை. கடிகாரம் ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு பைகளையும் எடுத்து வைத்தார். நான் சீட்டுகளை எடுத்தேன். வழக்கம்போல் பார்த்தோம், மாற்றிக்கொண்டோம், கையெழுத்துப் போட்டோம். அரை மணி நேரம் கழித்து வார்டு நர்ஸ் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கட்டிலருகே நின்று பையையும் நோயாளியின் பெயரெழுதிய கைப்பட்டையையும் அவள் சத்தமாகப் படித்திருக்கிறாள். படித்த இடத்திலேயே நின்றுவிட்டாள். இந்தப் பெண்ணின் சீட்டு அந்தப் பெண்ணின் பையோடு போயிருக்கிறது. வகை வேறு. ஏற்றியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருக்க மாட்டாள். பிறந்து ஒரு நாளான குழந்தை பக்கத்தில் படுத்திருந்ததாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடிகாரத்தின் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுகூட நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

விசாரணைக் குழு மே மாதம் கூடுகிறது. பெரிய டாக்டர் நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பையை எடுத்தது அந்த அம்மாள். அவர் தப்பாகப் படித்தார், நான் கேட்டதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும் என்றார். “உங்க குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. ஜூன்ல நான்தான் எழுதிக் கொடுக்கணும்” என்றும் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைக்கிறார். ஆனால் கடிகாரம் தப்பாகப் படிக்கவில்லை. படிக்கவே இல்லை. நானும் படிக்கவில்லை. ஏழு வாரமாக ஒரு பையைக்கூட நாங்கள் வாசிக்கவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

உண்மையைச் சொன்னால் நான் போய்விடுவேன். சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார், அவருக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. என்ன செய்வது என்று உடனே எழுது.

அக்கா

---

ஏப்ரல் 24

சின்னவனுக்கு,

பதினெட்டு நாளாக உன் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? கடிதம் கிடைக்கவில்லையா என்று பார்த்தால், போனில் ‘கிடைத்தது, எழுதுகிறேன்’ என்று சொல்லி வைத்துவிட்டாய்.

இங்கே என்னை இப்போது ஜன்னல் வேலைக்கு விடுவதில்லை, சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குகிறேன். அவருக்கும் அதே கதிதான். ஆஸ்பத்திரியில் ஆளாளுக்கு என்னைத் தட்டிக் கொடுக்கிறார்கள். அந்த அம்மாளுக்கு இது வேண்டும் என்கிறார்கள். பத்தொன்பது வருஷமாக யாரையும் நிம்மதியாக இருக்க விட்டதில்லையாம். கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்ததும் சந்தோஷப்பட்டதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா

---

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதிக்கொள்வது. அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

உங்கள் ஏப்ரல் ஆறாம் தேதிக் கடிதத்தைப் படித்த அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கடிதம் சட்டைப்பையில்தான் இருக்கிறது, துவைக்கப் போடும்போது நான் எடுத்து வைக்கிறேன், மறுபடி எடுத்துக்கொள்கிறார். மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்கலாம் என்று போன வாரம் அவர் ஆபீசுக்குப் போனேன். வாசலில் இருந்தவரிடம் அவரைக் கேட்டேன். அவர் இன்னொருத்தரைப் பார்த்தார், இன்னொருத்தர் கூரையைப் பார்த்தார். யாரும் வழி சொல்லவில்லை. நானே தேடிப்போனேன். மாடியில் கடைசி அறை. மேஜையில் ஒரு காகிதம் கிடையாது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பிப்ரவரியிலிருந்து அங்கேதான் போட்டிருக்கிறார்களாம். எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.

வீட்டிலும் சீட்டுதான், அண்ணி. ‘சாயங்காலம் தாமதமாகும்.’ ‘கேஸ் தீர்ந்துவிட்டது.’ கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டுப் போகிறார். நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன். முதலில் வேடிக்கையாக இருந்தது. இப்போது எனக்கு அழுகை வருகிறது. நீங்கள் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்காவது சொல்வார்.

பாப்பாவுக்கு என் அன்பு.

---

மே 5

அக்காவுக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. அது பொய், அதனால் எழுதவில்லை.

என் பிரிவில் ஒரு கோப்பு எழுத்தர் இருந்தார். மெதுவாக வேலை செய்வார், எதைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார். எனக்கு அவரைக் கண்டால் ஆகாது. மூன்று வருஷம் அவரிடம் சீட்டில்தான் பேசினேன். போன வருஷ நடுவில் ஒரு தெருவுக்கே குடிநீர் இணைப்பு கொடுக்க வேண்டிய கோப்பு நாலு மாதம் காணாமல் போனது. விசாரணை வந்தது. நான் அறுபத்திரண்டு சீட்டின் நகலைத் தேதிவாரியாக அடுக்கி நீட்டினேன். என் மேல் ஒரு தூசு விழவில்லை. அவரைத் தூரத்துக் கிளைக்குத் தூக்கி அடித்தார்கள். ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்வி.

தப்பு அவருடையதுதான். காகிதம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கோப்பு தொலைவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவர் என் மேஜைக்கு வந்து நின்றார். “சார், ஒரு விஷயம் சொல்லணும்” என்றார். நான் நிமிர்ந்து பார்க்காமல் “எழுதிக் கொடுங்க” என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார். எழுதியும் கொடுக்கவில்லை. அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு பிரிவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. எல்லாம் சீட்டுதான். நான் கற்றுக்கொடுத்த பாடத்தை எனக்கே நடத்தினார்கள். என்னால் பிரிவு நடக்கவில்லை என்று மேலே எழுதிப் போட்டார்கள், அதுவும் முறையாக, தேதி போட்டு. அதனால்தான் இந்த அறை. ஜன்னல் உண்டு என்று எழுதினேன், அது மட்டும் நிஜம்.

உனக்கு நான் கொடுத்த யோசனையால் ஒரு பெண் செத்திருப்பாள். அதைப் படித்த பிறகு உனக்கு எதை எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. இனி உனக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் செய்ததை நீ செய்துவிடாதே, அவ்வளவுதான்.

தம்பி

---

மே 21

அன்புள்ள சின்னவனுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னாய், நான் செய்தேன், எனக்கு வசதியாக இருந்ததால் செய்தேன். சரியாகச் சாப்பிடு. வீட்டில் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருப்பதையெல்லாம் கிழித்துப் போடு. யார் சொன்னார்கள் என்று கேட்காதே.

விசாரணைக்கு முந்தின நாள் குழாய் கழுவும் அறையில் கடிகாரத்திடம் போய் நின்றேன். மூன்று மாதத்தில் முதல் தடவை. “நாளைக்கு நாம வாசிக்கலைன்னு சொல்லப்போறேன். ஏழு வாரமா வாசிக்கலைன்னு சொல்லப்போறேன். நான்தான் முதல்ல நிறுத்தினேன்னும் சொல்லுவேன்” என்றேன்.

கையிலிருந்த குழாயைக் கீழே வைக்காமலே கேட்டார். கண் கலங்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை, அதெல்லாம் அவருக்கு வராது. “இந்த நாற்காலி எனக்கு வரும்னு இருந்தேன். நீங்க வந்தது பிடிக்கல. அதான் லேட்டா வந்ததைப் போய்ச் சொன்னேன்” என்றார். குழாயைப் பார்த்தபடியே, “நீங்க நிறுத்தினா நான் மட்டுமாவது சத்தமா படிச்சிருக்கணும். பத்தொன்பது வருஷம் படிச்சவ. வீம்புக்கு நின்னுட்டேன்” என்றார். பிறகு குழாயைக் கழுவ ஆரம்பித்தார்.

குழுவில் ஐந்து பேர். நான் சொன்னபோது பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், என்னைப் பார்க்கவில்லை. ஏழு வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்திட்ட பைகள் நானூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றையும் வார்டில் இருக்கும் பதிவோடு போய்ச் சரிபார்க்க வேண்டும், அதன் பிறகுதான் முடிவு என்றார்கள். அடுத்து அவரைக் கூப்பிட்டார்கள். உள்ளே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவர், சரிபார்க்கும் வேலையை நாங்கள் இரண்டு பேருமே செய்வதாகக் கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னார். நாளை ஏழு ஐம்பத்தைந்துக்கு வரச் சொன்னார்.

தட்டிக் கொடுத்தவர்கள் யாரும் இன்றைக்கு என் பக்கம் வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா

---

ஜூன் 8

அக்காவுக்கு,

முதுகு வலிக்கிறது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் வந்தேன்.

அந்தக் கோப்பு எழுத்தரைப் பார்த்தேன். ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார், அதைத் தாங்க முடியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். நிஜமாகவே யோசித்தார், பாவம். “ஞாபகம் இல்ல சார். அன்னிக்குக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையாட்டினார், ஒரு ஆள் நகல் எடுக்க வந்தார், அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் மனைவியிடம் வாயால் சொன்னேன். சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

உன் முடிவு வந்துவிட்டதா?

தம்பி

---

ஜூன் 23

அன்புள்ள சின்னவனுக்கு,

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நீ போய்ப் பார்த்து வந்ததைப் படித்து அழுதேன். நல்ல காரியம் செய்தாய்.

நானூற்றுச் சொச்சம் பையையும் பார்த்து முடித்தோம். நானும் அவரும் வார்டு வார்டாக நடந்தோம். ஒவ்வொரு எண்ணையும் அவர் படிக்க நான் படித்தேன், நான் படிக்க அவர் படித்தார், நோயாளிகள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். வேறு ஒரு பையிலும் தப்பு இல்லை. கடைசி எண்ணைப் படித்து முடித்ததும் இருவரும் வார்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு முழங்கால் வலியாம், அதனால்தான் எல்லாருக்கும் முன்னால் வந்துவிடுகிறாராம், தான் நொண்டுவதை யாரும் பார்க்கக்கூடாதாம். இத்தனை நாள் எனக்கு அது தெரியாது. பிடிக்காதவர்களோடு வேலை செய்ய முடியாது என்று நினைத்திருந்தேன். அவரை எனக்கு இப்போதும் முழுதாகப் பிடிக்கவில்லை, என் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்று அந்தப் பெஞ்சிலேயே சொன்னார். ஆனால் அவர் எதிரே நின்றால் நான் தைரியமாகக் கையெழுத்துப் போடுவேன்.

உத்தரவு நேற்று வந்தது. அவருக்கு எழுத்து மூலமாகக் கண்டிப்பு. எனக்கு நிரந்தரம் இல்லை. பொறுப்பாளராக இருந்துகொண்டு நானே நிறுத்தியதால் பழைய ஊருக்குப் போக வேண்டும், ஜூலை ஒன்றாம் தேதி. என்னைச் சாதாரணப் பணியாளராகவாவது இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லி அவர் குழுவுக்கு மனு கொடுத்திருக்கிறார். ஏற்கவில்லை. என்னிடம் அதைப் பற்றி மூச்சு விடவில்லை, டாக்டர்தான் சொன்னார்.

உன் அத்தான் கடைக்குப் போய்ப் புதுப் பெட்டி வாங்கி வந்தார். உன் மருமகளிடம் நான்தான் சொன்னேன். எதற்காகப் போகிறேன் என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன்.

“நீ பொய் சொல்லியிருந்தா இங்கயே இருந்திருப்பியா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“அந்த அம்மா போயிருப்பாங்களா?”

அதற்கும் ஆமாம் என்றேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். என் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். பிறகு, இனி வாரத்துக்கு எத்தனை நாள் போன் பண்ணுவாய் என்று கேட்டாள்.

தினமும் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா